ஒரு படி நாவல் கொட்டை

எனக்குக் கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சொல்வது சுலபம். குழாயடிக்கு நான் குடத்தோடு வந்தால் தெருப் பெண்கள் தானாக ஒதுங்கி வழிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒதுங்க இடம் கிடையாது, பாவம். அவர் பஸ் டிரைவர். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, சித்தையன்கோட்டை வழியாக நிலக்கோட்டைக்குப் போகிற தனியார் வண்டி. திரும்பி வரும்போது கூரை மேல் மல்லிகைக் கூடைகள் இருக்கும். அவர் சட்டையெல்லாம் பூ வாசனை அடிக்கும். அதற்கும் நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

"எவளுக்கு வாங்கிக் குடுத்துட்டு வாரீக?" என்பேன்.

"ஊருக்கே வாங்கிக் குடுத்தேன், கூரை மேல அம்பது கூடை. போதுமா?" என்பார். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கோடையில் அவருடைய வலது கால் பெருவிரலைச் செருப்புக் கடித்தது. பிரேக்கை மிதிக்கிற கால். மஞ்சள் அரைத்துப் போட்டேன், வேப்பெண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். ஒரு மாதமாகியும் புண் அப்படியே ஈரமாக இருந்தது. இதற்கிடையில் மனுஷன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். எங்கள் ஊரில் கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் படுகிற பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும். "ஒட்டகமா பெறக்க வேண்டிய ஆளு, தப்பி வந்து என் கழுத்துல தாலி கட்டிட்டீக" என்று வைதேன். அது நோய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொல்லையில் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். டாக்டர் இருந்த அறைக்குள் அவர் மட்டும் போனார். நான் வெளியே கம்பவுண்டரிடம், எந்தப் பாட்டிலில் எவ்வளவு மூத்திரம் பிடித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் என்னிடம் நாலே வார்த்தையில் சொன்னார். "சக்கர வியாதியாம். சீனி ஆகாதாம். சோத்தக் கொறைக்கணுமாம். தெனமும் ஊசி போடணுமாம்."

"புண்ணு?"

"சக்கர எறங்குனா ஆறுமாம். எறங்கலன்னா வெரல எடுக்கணுமாம்."

அதை அவர் ஏதோ பஸ் டயரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். வண்டி முதலாளி இரண்டு மாதம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் புண் ஆறிவிட்டால் இவர் வண்டி இவருக்கு. ஆறாவிட்டால் வேறு டிரைவர். பெருவிரல் இல்லாத காலை நம்பி ஐம்பது பேரை எவன் ஏற்றிவிடுவான்? பதினெட்டு வயதிலிருந்து வண்டியைத் தவிர வேறு எதையும் தொடாத மனுஷன் அவர். அந்த விரல் போனால் அவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஊசி போட்டிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேளுங்கள். எங்கள் தெருக்கோடியில் ஒருவருக்குச் சர்க்கரை என்று ஊசி ஆரம்பித்தார்கள். ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். சாகிற நிலைக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஊசியே ஆரம்பித்தார்கள் என்பது என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை. ஊசி போட்டதால் செத்தார் என்றே நினைத்தேன். ஊசி வேண்டவே வேண்டாம் என்று இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் அழுது அவர் பார்த்ததில்லை. திகைத்துப்போய், "சரி சரி, போடல. எந்திரி" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய வண்டிக் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். "மதினி, எதுக்கு ஊசியும் கத்தியும்? நாவக்கொட்டைய ஒரு படி காயவச்சு, இடிச்சுச் சலிச்சு வச்சுக்கங்க. காலையில ஒரு கரண்டி, சாயந்தரம் ஒரு கரண்டி, மோருல கலக்கிக் குடுங்க. ஒரு மண்டலம். எங்க பெரியப்பாவுக்கு இருந்த எடம் தெரியாமப் போச்சு" என்றார். ஒரு நிபந்தனையும் சொன்னார். மொத்தத்தையும் சேர்த்து இடித்த பிறகுதான் தொடங்க வேண்டும். நடுவில் பொடி தீர்ந்து ஒரு நாள் விட்டுப்போனால்கூடப் பலிக்காது.

எனக்கு உயிர் வந்தது. ஆனி கடைசி. சிறுமலை அடிவாரத்திலிருந்து பழக்காரப் பெண்கள் கூடைகூடையாக நாவல் பழம் கொண்டுவருகிற காலம். கொட்டைக்கு என்ன பஞ்சம்? பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் தரையெல்லாம் கொட்டைதான்.

ஆனால் அதெல்லாம் எவனெவனோ தின்று துப்பியது. எச்சில். என் புருஷன் ஒரு மண்டலம் வயிற்றுக்குள் இறக்கப் போகிற மருந்தை ஊரான் எச்சிலில் இடிப்பேனா நான்? எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டில் நான் சாப்பிடலாம். நான் வாய் வைத்த தம்ளரை அவருக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வளர்ந்தவள். ஆகவே என்னுடைய எச்சிலும் ஆகாது, எங்கள் இரண்டு பெண்களின் எச்சிலும் ஆகாது. மிச்சம் இருப்பது யார்? அவர்தான். அவர் மருந்துக்குக் கொட்டை வேண்டுமென்றால் அவரே பழத்தைத் தின்று அவரே துப்ப வேண்டும்.

கையால் பிதுக்கி எடுக்கலாமே என்று இப்போது என் பேத்திகூடக் கேட்கிறாள். எடுக்கலாம்தான். ஒரு கூடைப் பழத்தைப் பிதுக்கிச் சாக்கடையில் கொட்ட அன்றைக்கு எந்த வீட்டில் மனசு வரும்? அதோடு, கொட்டை மருந்தென்றால் பழமும் மருந்துதானே என்று நினைத்தேன். துவர்க்கிற பழம் சர்க்கரையை என்ன ஏற்றிவிடப் போகிறது? இப்படியெல்லாம் மிகத் தெளிவாக யோசித்து, மிகத் தெளிவாகப் பள்ளத்தில் இறங்கினேன்.

காலையில் அரைப் படி, சாயங்காலம் அரைப் படி. உப்புத் தூவி, கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பேன். பக்கத்தில் கொட்டை துப்ப ஒரு மண்சட்டி. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு மனுஷன் மளமளவென்று தின்பார். நாக்கும் உதடும் ஊதாவாகிவிட்டன. சட்டி நிறைந்ததும் கழுவி, முறத்தில் பரப்பி, மொட்டை மாடியில் காயவைப்பேன். காய்ந்து சுருங்கி, சொத்தை போக, ஒரு நாள் பழத்துக்கு ஒரு கைப்பிடிதான் தேறும்.

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்லது எதையும் தொடங்க மாட்டோம், மருந்தும்தான். ஆவணி முதல் தேதி பொடியைத் தொடங்குவது என்று முடிவு செய்தேன். பழம் தின்பதற்கு மட்டும் ஆடி தடையில்லை. ஆக, ஆடி முழுக்க என் வீட்டுக்காரர் ஊசியும் போடவில்லை, பொடியும் சாப்பிடவில்லை. பழம் மட்டும் தின்றார்.

கம்பவுண்டர் ஒரு நீலத் தண்ணீர்ப் பாட்டிலும், கண்ணாடிக் குழாயும், சின்ன ஸ்பிரிட் விளக்கும் கொடுத்திருந்தார். குழாயில் ஒரு ஸ்பூன் நீலத் தண்ணீர் விட்டு, அதில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறமானால் ஆபத்து. முதல் வாரம் மஞ்சளாக வந்தது. இரண்டாவது வாரம் மஞ்சளும் சிவப்பும் கலந்து வந்தது. ஆடிப் பதினெட்டு வாக்கில் குழாய்க்குள் செங்கல்லைக் கரைத்துவிட்டது போல் இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு குறைத்தாயிற்று. சீனி டப்பாவை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். கேப்பைக் கூழும் கீரையும்தான் வெஞ்சனமும் விருந்தும். பிறகு எங்கிருந்து வருகிறது இந்தச் சிவப்பு? நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். நோய் முற்றினால் மருந்து கூடுதலாக வேண்டும். ஒரு படி கொட்டை போதாது, ஒன்றரைப் படி வேண்டும். அப்படியானால் பழம் கூடுதலாக வேண்டும். மத்தியானத்துக்கும் கால் படி சேர்த்தேன்! எனக்குள் ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள், அவளுக்கு மூளை மட்டும் இல்லை.

இதற்குள் சின்னவள் ஒரு கூத்துச் செய்தாள். அப்பா கிண்ணத்திலிருந்து அஞ்சாறு பழத்தைத் தூக்கித் தின்றுவிட்டு, கொட்டையை ஒழுங்காக அப்பா சட்டியிலேயே துப்பிவைத்தாள். நான் பார்த்துவிட்டேன். எது அவள் துப்பியது, எது அவர் துப்பியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"ஏண்டி, ஒனக்கு அறிவிருக்கா? அப்பா மருந்துடி அது!" என்று முதுகில் ஒன்று வைத்தேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினேன். நாலு நாள் சேர்த்த கொட்டை. அந்த நாலு நாளை ஈடுகட்ட அவர் மறுபடியும் தின்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. எவ்வளவு நல்ல மனுஷன், கட்டினவள் பேச்சைத் தட்டாமல் மருந்துக்காகக் கஷ்டப்படுகிறாரே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

கடைசியில் பழக்காரிதான் கேட்டாள். தினமும் வாசலில் கூடையை இறக்குகிறவள். "ஏந்தாயி, வீட்டுல விசேசமா? தெனம் இம்புட்டுப் பழம் வாங்குறீகளே" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடி ஆத்தே! கொட்டைக்காகவா அண்ணன இம்புட்டுத் திங்க விட்டீக? எங்கிட்டக் கேட்டா மரத்தடியில நசுங்கிக் கெடக்குறத மூட்டையாப் பொறுக்கிட்டு வந்திருப்பேனே. எங்க ஊருல சக்கரக்காரவுக பழத்த நாலுக்கு மேல தொட மாட்டாக தாயி."

"ஏன்?"

"இனிக்குதுல்ல?" என்றாள் அவள்.

இனிக்கிறது. ஆமாம், இனிக்கிறது. உப்பும் துவர்ப்புமாக இருந்தாலும் இனிக்கிற பழம்தான். முப்பது நாளாக என் கையாலேயே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பழக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கேட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினோம். இந்த முறை நானும் உள்ளே போனேன். டாக்டர் கால் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரல் கறுத்திருந்தது. "என்ன சாப்பிட்டாரு?" என்றார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கொட்டை, எச்சில், ஆடி, படிக்கணக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. இவரையேதான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். இந்தப் பாவியின் முகத்தில் விழிக்கக்கூட டாக்டருக்கு மனசில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஊசி ஆரம்பித்தார்கள். பத்து நாளில் விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரை மறித்துக் கேட்டேன். "அய்யா, உண்மையச் சொல்லுங்க. நான் அந்தப் பழத்தக் குடுக்காம இருந்திருந்தா வெரலு நின்னிருக்குமா?"

"சொல்ல முடியாதும்மா."

"ஊசி மொதல்லயே போட்டிருந்தா?"

"நின்னிருக்கலாம். நிக்காமயும் போயிருக்கலாம்."

"அப்ப அந்தக் கொட்டை? அது மருந்தா, இல்லையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கொட்டையில ஏதோ இருக்குன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன். எவ்வளவு குடுக்கணும், யாருக்குக் கேக்கும், யாருக்குக் கேக்காதுன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஊசிய நிறுத்திட்டு அத நம்பாதீங்க" என்றார்.

படித்த மனுஷன், இத்தனை கேள்விக்கும் தெரியாது தெரியாது என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது? உன்னால்தான் போச்சு என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். உன்னால் இல்லை என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் நடுவில் நிறுத்திவிட்டுப் போனார்.

ஆவணியில் பொடியும் கொடுத்தேன். இடித்துச் சலித்து வைத்ததை எறிய மனசு வரவில்லை. காலையில் ஊசி, பிறகு மோரில் ஒரு கரண்டிப் பொடி. ஐப்பசி வாக்கில் குழாயில் பச்சை வந்தது. கார்த்திகையில் ஒரு நாள் நீலம் அப்படியே நீலமாக நின்றது. விளக்கை அணைத்துவிட்டு அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசி இறக்கியதா, பொடி இறக்கியதா, பழம் நின்றதால் இறங்கியதா? கண்டக்டர் கொட்டை என்றார், கம்பவுண்டர் ஊசி என்றார். எனக்கு இன்றுவரை தெரியாது.

வண்டி போய்விட்டது. முதலாளி நல்ல மனிதர். இவரை அனுப்பிவிடாமல் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி அறையில் வண்டி வருகிற நேரம், போகிற நேரம் எழுதுகிற வேலை கொடுத்தார். நிலக்கோட்டை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பும்போது இவர் உட்கார்ந்த இடத்தில் வலது காலால் தரையை மிதிப்பார் என்று கண்டக்டர் ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். அவரை ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழும்பாது. குழம்பில் உப்பு இல்லை என்றால், "கொண்டாங்க, போட்டுத் தாரேன்" என்பேன். துண்டை ஈரத்தோடு கட்டிலில் போட்டாலும் பேசாமல் எடுத்துக் காயப்போடுவேன். தினமும் வெந்நீரில் அவர் காலைக் கழுவி, விரலிருந்த இடத்தைத் துடைத்துவிடுவேன். துடைக்கும்போதெல்லாம் இது என் கை செய்த வேலை என்று தோன்றும். நாவல் பழத்தை வீட்டுக்குள் விட்டதில்லை. இப்படி ஆறு வருடம்.

ஆறாவது வருடம் ஆடியில் ஒரு மத்தியானம். அவர் சாப்பிட வந்திருந்தார். தெருவில் பழக்காரி கூவிக்கொண்டு போனாள். சின்னவள் அப்போது வளர்ந்துவிட்டாள், "அம்மா, கொஞ்சூண்டு வாங்கவா?" என்றாள்.

"வேணாம்" என்றேன்.

"வாங்கித் திங்கட்டும், விடு" என்றார் அவர்.

"அந்தப் பழம் இந்த வீட்டுக்குள்ள வந்து என்ன செஞ்சுச்சுன்னு மறந்துட்டீகளா? நான் செஞ்ச பாவம் போதாதா?" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சின்னவள் நைசாக வெளியே போய்விட்டாள்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அழாத. பழம் ஆகாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"இப்ப எல்லாருக்குந்தான் தெரியும்."

"அப்பவே தெரியும். டாக்டரு மொத நாளே சொல்லிட்டாரு. வாழப்பழம், மாம்பழம், நாவல், எதையும் தொடாதன்னு ஒவ்வொண்ணா வெரல மடக்கிச் சொன்னாரு."

அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

"தெரிஞ்சா... தெரிஞ்சா ஏங்க தின்னீக?"

"நல்லா இருந்துச்சு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சீனி கெடையாது, கருப்பட்டி கெடையாது, சோறும் அளந்த சோறு. நீயா வந்து கிண்ணம் நெறையக் குடுத்து, மருந்துன்னு வேற சொல்ற. தின்னேன். வெரலு போகும்னு நெனக்கல."

"சரி, தின்னீக. போச்சு. அப்புறமாச்சும் சொல்ல வேணாமா? ஆறு வருசம்! ஒவ்வொரு நாளும் அந்தக் காலத் தொட்டுத் தொட்டு நான் செத்துக்கிட்டிருந்தேனே, பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"



"சொல்லணும்னுதான் இருந்தேன். ஆசுபத்திரியிலருந்து வந்த அன்னைக்கு நீ என்னய ஒரு வார்த்த வையல. மறுநாளும் வையல. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு தள்ளிப்போச்சு." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒன்னயக் கட்டுன நாள்லருந்து சோறு எனக்கு நிம்மதியா எறங்குனது இந்த ஆறு வருசந்தான்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் பிசைந்த சோற்றைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.